இறக்கை வைத்த வெண்கலக் காசு

அத்தியாயம் 6

திருடுபோனது செல்லாத காசு. அது செல்லாமல் போய் ஆயிரத்தைந்நூறு வருஷம் ஆகியிருந்தது. அதற்காகத் தேவசகாயம் என்ற மாட்டுவண்டிக்காரன் எட்டு நாளாக விழுப்புரம் சப்ஜெயிலில் இருந்தான். மறுநாள் புதன்கிழமை விசாரணை. ஆறு மாதம் நிச்சயம் என்று கோர்ட்டு வாசலில் பேசிக்கொண்டார்கள்.

துப்பறியும் விருத்தாசலத்தை வரவழைத்தவர் காசைப் பறிகொடுத்த கிருஷ்ணசாமி. ரெவினியூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் ஜெயிலுக்குப் போவது அவருக்கு முக்கியமில்லை. காசு வேண்டும். வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகிறார். பழங்காசுகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர். அவர் பார்க்க வருவதே அந்த ஒரு காசைத்தான்.

"இதுதான் தட்டு," என்று மேசைமேல் வைத்தார்.

தேக்குத் தட்டு. நாற்பது சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் பஞ்சு. பஞ்சின்மேல் புளியங்கொட்டை அளவில் ரோமாபுரிக் காசுகள். பெண்ணையாற்று மணலில் வெள்ளம் வடிந்த பிறகு பொறுக்கியவை. முப்பத்தேழு வெண்கலம், பச்சை பூத்தவை. இரண்டு வெள்ளி. ஓர் அறையில் மட்டும் ரோமாபுரிக் காசு இல்லை.

விருத்தாசலம் பூதக்கண்ணாடியை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒரு பக்கம் ராஜாவின் தலை. மறுபக்கம் படங்கள். கொடிக்கம்பத்துக்கு இருபுறமும் இரண்டு சிப்பாய்கள். குதிரையிலிருந்து விழுந்தவனை ஈட்டியால் குத்தும் வீரன். சில காசுகளில் வெறும் சிலுவை.

அவனுடைய உதவியாளன் பாண்டுரங்கன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். நாற்பது வயது. நாடகக் கம்பெனியில் பபூனாக இருந்தவன். கம்பெனி கலைந்து ஐந்து வருஷம் ஆகியும் வேஷம் கலையாதவன்.

"ராசா தலையில துணி கட்டிக்கினு இருக்காரே, தலைவலிங்களா?" என்று கேட்டான்.

அது முடிப்பட்டை என்றார் கிருஷ்ணசாமி. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தொலைந்த காசில் வெற்றித் தேவதை இருந்தாள் என்று விளக்கினார். முதுகில் இரண்டு இறக்கை, கையில் மாலை, காற்றில் பறக்கும் சேலை. ராஜா ஜெயித்தால் பறந்து வந்து மாலை போடுவாள். பெண்ணையாற்றுக் காசுகளில் அந்தப் படம் உள்ளது அது ஒன்றுதான்.

"வெள்ளிக் காசு ரெண்டையும் விட்டுட்டு, வெண்கலத்துல ஒண்ணே ஒண்ணை எடுத்திருக்கான்," என்றான் விருத்தாசலம்.

"திருடத் தெரியாத திருடன் சார். டிரெயினிங் பத்தலை," என்றான் பாண்டுரங்கன்.

காலி அறையில் பஞ்சின்மேல் வேறொரு காசு கிடந்தது. போன வருஷம் சர்க்கார் வெளியிட்ட ஓட்டைக் காசு. யுத்தத்துக்குச் செம்பு போதவில்லை என்று நடுவில் பொத்தல் போட்டு விட்டிருந்தார்கள். திருடன் தன்னைக் கேலி செய்துவிட்டுப் போயிருக்கிறான் என்றார் கிருஷ்ணசாமி. அவருக்கு அதுதான் பெரிய வலியாக இருந்தது. பாண்டுரங்கன் அதை எடுத்து மோந்து பார்த்தான்.

"ரச வாசனை வருது சார். இந்தக் காசு நல்லா சாப்பிட்டிருக்கு."

கிருஷ்ணசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். விருத்தாசலம் ஓட்டைக் காசை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மற்ற விவரங்களைக் கேட்டான். வீட்டில் கணவனும் மனைவியும்தான். பிள்ளைகள் இல்லை. சமையலுக்கு ஆள் கிடையாது. அலமாரிச் சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில். குளிக்கும் நேரத்தில் சட்டை ஆணியில். தேவசகாயம் மாட்டையும் வண்டியையும் பார்த்துக்கொள்வான். பின்கட்டுக்கு வெளியே உட்கார்ந்து, எண்ணெயில் ஊறிய காசுகளைப் பனைநார்க் குச்சியால் தேய்த்துக் கொடுப்பான். பின்கட்டு வாசற்படியை அவன் தாண்டியதில்லை. தாண்ட விட்டதுமில்லை. இறக்கைக் காசைத் தேய்க்கும்போது மட்டும் அதிக நேரம் எடுத்துக்கொள்வான் என்று அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது.

வியாழக்கிழமை திண்டிவனத்துக்குப் பக்கத்தில் தன் ஊருக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்தபோது காசு இல்லை. திங்கட்கிழமை திண்டிவனம் ரோட்டில் பிடித்தார்கள்.

உள்ளேயிருந்து கிருஷ்ணசாமியின் மனைவி காந்திமதி இரண்டு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தாள். ஐம்பது வயது இருக்கும். யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

தேவசகாயத்தைப் பிடித்தவர் ஏட்டு முத்துசாமி. தெற்குச் சீமைக்காரர். நல்ல மனிதர். ஸ்டேஷனில் தன் நோட்டுப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். அந்த ஆள் வாயைத் திறந்தது ஒரே தடவை என்றார். ஏன் ஊரைவிட்டு ஓடினாய் என்று கேட்டபோது ஒரு வாக்கியம் சொன்னான். பிறகு அடித்தும் பேசவில்லை.

நோட்டில் எழுதியிருந்தது: 'சம்மன்சு வந்து கூட்டிக்கினு போய்விட்டது.'

"பழைய கேஸு ஏதோ இருக்கு. சம்மன் வந்திருக்கு. வக்கீலுக்குக் கொடுக்கத் திருடியிருக்கான். அம்புட்டுதான்," என்றார் முத்துசாமி.

விழுப்புரம் கோர்ட்டிலிருந்து அந்தப் பெயருக்குச் சம்மன் எதுவும் போகவில்லை. அப்படியானால் திண்டிவனம் கோர்ட்டாக இருக்கும் என்றார் ஏட்டு. விருத்தாசலமும் பாண்டுரங்கனும் பதினொரு மணி ரயிலைப் பிடித்தார்கள்.

வண்டி நிறையச் சிப்பாய்கள். இருவருக்கும் கதவோரம்தான் இடம் கிடைத்தது. பாண்டுரங்கன் ஒரு படி வறுத்த வேர்க்கடலை, அந்தச் சீமையில் மல்லாட்டை, வாங்கி மடியில் கட்டியிருந்தான். பேரணி ஸ்டேஷன் தாண்டும்வரை தின்றுகொண்டே பேசினான். செல்லாத காசைத் திருடினவனைப் போட ஒரு செல்லாத ஜெயில் வேண்டும் என்றான். அங்கே செல்லாத சோறு போடுவார்கள் என்றான். ஒரு சிப்பாய்கூடச் சிரித்தான்.

விருத்தாசலம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாண்டு. சம்மன் வரும். கூட்டிக்கினு போவாது. கூட்டிக்கினு போறது வாரண்டு."

"ஆமா?"

"ஒரு தடவைகூட ஜெயிலுக்குப் போகாதவனுக்கும் இந்த வித்தியாசம் தெரியும். அப்படியிருக்க, சம்மன்சு வந்து கூட்டிக்கினு போயிடுச்சுன்னு ஏன் சொன்னான்? அவனைத்தான் யாரும் எங்கயும் கூட்டிக்கினு போவலையே."

பாண்டுரங்கன் மெல்லுவதை நிறுத்தினான்.

"சார். அந்த ஆளு வேதக்காரன்தானே?"

"பேரே தேவசகாயம்."

"அப்ப அது சம்மன்சு இல்ல சார். சம்மனசு."

புதுச்சேரியில் ஒரு கோயில் திருவிழாவில் கிறிஸ்தவ நாடகம் போட்டார்களாம். பாண்டுரங்கனுக்குச் சம்மனசு வேஷம். தேவதூதன். கொக்கு இறகை அட்டையில் ஒட்டி முதுகில் கட்டிவிட்டார்கள். முதல் காட்சியிலேயே ஓர் இறக்கை தீவட்டியில் பற்றிக்கொண்டது. இதை அவன் நூறு தடவை சொல்லியிருக்கிறான். இந்தத் தடவை இறக்கை எரிந்த இடத்துக்கு வரவில்லை. குரல் இறங்கிவிட்டது.

"அவங்க ஊட்ல கொழந்தை செத்துப்போனா, செத்துப்போச்சுன்னு சொல்ல மாட்டாங்க சார். சம்மனசு வந்து கூட்டிக்கினு போயிடுச்சும்பாங்க."

ஏட்டுக்கு அந்தச் சொல் தெரியாது. தெரிந்த சொல்லை எழுதிக்கொண்டார்.

திண்டிவனத்தில் அவர்கள் கோர்ட்டுக்குப் போகவில்லை. மல்லாட்டை மண்டிகளைத் தாண்டி மேற்கே இரண்டு மைல் நடந்தார்கள். ஊரும் சேரியும் தனித்தனியாக இருந்தன. சேரியின் கோடியில் ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கோயில். அதன் பின்னால் கல்லறைத் தோட்டம். சப்பாத்திக்கள்ளி வேலி. வெயிலில் ஓர் ஆள் களை வெட்டிக்கொண்டிருந்தான். குழி தோண்டுகிற பெரியதம்பி. வந்தவர்களைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

தேவசகாயத்தின் குழந்தை எது என்று விருத்தாசலம் கேட்டான்.

பெரியதம்பி மண்வெட்டிக் காம்பால் காட்டினான். புது மண். மூன்றரை அடி நீளம். இரண்டு குச்சிகளைக் குறுக்காகக் கட்டி நட்டிருந்தார்கள். பெண் குழந்தை, நாலு வயசு, விஷக் காய்ச்சல், சனிக்கிழமை காலையில் போய்விட்டது என்றான்.

பாண்டுரங்கன் மடியில் மீதியிருந்த மல்லாட்டையை அவிழ்த்து வேலிப் பக்கம் வைத்துவிட்டு வந்தான். ஏன் அப்படிச் செய்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"நெத்திக் காசு வெச்சாங்களா?" என்று கேட்டான் விருத்தாசலம்.

பெரியதம்பி கோயில் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். வேதத்தில் அதற்கு இடம் இல்லை. ஆனால் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வைத்து வந்த காசு. சாமியார் அந்தப் பக்கம் திரும்பும்போது வைப்பார்கள். மூடும் முன் குழி வெட்டுகிறவன் எடுத்துக்கொள்வான். அது அவனுடைய பாத்தியம்.

"என்ன காசு வெச்சாங்க?"

"அதாங்க பேஜாராப் போச்சு. எந்த ஊட்ல கேட்டாலும் ஓட்டைக் காசுங்க. ஓட்டைக் காசை வெச்சு ஒரு புள்ளைய எப்படிங்க அனுப்பறது? தேவசகாயம் மடியிலேர்ந்து ஒண்ணு எடுத்து வெச்சான். பச்சையா, சின்னதா. நான் எங்கயும் பார்த்ததில்லீங்க."

"நீங்க எடுத்தீங்களா?"

நீங்க என்றது அவனைத் தடுமாற வைத்தது. மண்வெட்டியைக் கை மாற்றிப் பிடித்தான்.

"கையை நீட்டினேங்க. புள்ளையோட ஆத்தா அஞ்சம்மா என் கையைப் புடிச்சிக்கினா. ஒண்ணும் சொல்லல. புடிச்சிக்கினே இருந்தா. நான் மூடிட்டேங்க."

விருத்தாசலம் குச்சிச் சிலுவையைப் பார்த்தபடி நின்றான். இரண்டு வருஷத்துக்கு முன் அவனும் ஒரு நெற்றியில் காசு வைத்தான். அவன் மனைவிக்கு இருபத்திரண்டு வயது. யாரோ கையில் கொடுத்தார்கள், வைத்தான். அணாவா, அரையணாவா? இப்போது யோசித்துப் பார்த்தான். நினைவு வரவில்லை.

"போலாமா சார்?" என்றான் பாண்டுரங்கன் மெதுவாக.

அஞ்சம்மாள் குடிசைக்கு வெளியே கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவள். அஞ்சம்மாள் என்ற பழைய பெயரே நிலைத்துவிட்டது. வந்தவர்களைப் பார்த்து எழுந்தாள், ஆனால் முறத்தைக் கீழே வைக்கவில்லை. போலீஸ் இல்லை என்று விருத்தாசலம் சொன்னான். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

அவன் கேட்கக் கேட்கச் சொன்னாள். புருஷன் மாதம் ஒரு தடவை வருவான். வரும்போதெல்லாம் ஐயா வீட்டுக் காசுகளைப் பற்றிக் குழந்தைக்குக் கதை சொல்வான். ஒரு காசில் சம்மனசு இருக்கிறது என்று சொல்லிவைத்திருந்தான். காய்ச்சல் வந்ததும் குழந்தை அந்தக் காசைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. வேறு எதுவும் கேட்கவில்லை. கஞ்சிகூடக் கேட்கவில்லை. ஊர்க்காரர் ஒருவர் விழுப்புரம் போய்ச் சொன்னார். அவன் காசோடு வந்தான்.

"எடுத்துக்கினு வந்தாரா, கேட்டு வாங்கிக்கினு வந்தாரா?"

"கேட்டுத்தான் வாங்கியாந்தேன்னாரு. ரெண்டு நாள்ல திருப்பிக் குடுக்கணும்னாரு. யார்கிட்ட வாங்கினாருன்னு நான் கேக்கல. கேக்கற மாதிரியா இருந்தேன்?"

"அதை ஏன் போலீஸ்கிட்ட சொல்லல?"

அவள் முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"சொன்னா, காசு எங்கேன்னு கேப்பாங்க. எங்கேன்னு சொன்னா தோண்டுவாங்க. அவரு வாயைத் தொறக்க மாட்டாருங்க. ஆறு மாசம் என்ன, ஆறு வருசம் போட்டாலும் தொறக்க மாட்டாரு." சற்றுப் பொறுத்துக் கேட்டாள்: "நீங்க சொல்லிடுவீங்களா?"

  விருத்தாசலத்தை அமர்த்தியவர் காசுக்காக அமர்த்தியிருந்தார். காசு இருக்குமிடம் இப்போது தெரியும். சொன்னால் மண்வெட்டி வரும். சொல்லாவிட்டால் அந்த மனிதன் ஜெயிலுக்குப் போவான்.

சாயங்கால ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பாண்டுரங்கன் பேசவில்லை. அவன் பேசாமல் வந்த ரயிலை விருத்தாசலம் அதுவரை கண்டதில்லை. சட்டைப் பையில் கைவிட்டபோது ஓட்டைக் காசு தட்டுப்பட்டது. எடுத்து மோந்தான்.

ரசம் இல்லை. பெருங்காயம். கூடவே வெந்தயம்.

"பாண்டு, வீட்ல பொம்பளைங்க சில்லறைக் காசை எங்க போட்டு வைப்பாங்க?"

"அஞ்சறைப் பெட்டியில சார். எங்க ஆத்தா பெருங்காயத்துக்கு அடியில..." அவன் நிறுத்தினான். "சார். தேவசகாயம் அந்த ஊட்டுப் பின்கட்டையே தாண்ட முடியாது."

"அடுப்பங்கரைக்குள்ள எப்படிப் போவான்?"

"போவ முடியாது. சாதி விடாது." பாண்டுரங்கன் தன் பங்குக்கு ஒரு தடவை மோந்தான். "அப்ப இந்தக் காசை வெச்சது அடுப்பங்கரையில இருக்கற கை."

அந்த வீட்டு அடுப்பங்கரையில் ஒரே ஒரு பெண்தான் இருந்தாள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அவர்கள் கிருஷ்ணசாமி வீட்டில் இருந்தார்கள். அவர் பூஜை முடித்துவிட்டு வந்து, காசு கிடைத்ததா என்றார். கிடைத்தவரை இதுதான் என்று விருத்தாசலம் ஓட்டைக் காசை எடுத்தான். அதை அவரிடம் நீட்டவில்லை. மோர் கொண்டுவந்த காந்திமதியின் பக்கம், மேசை ஓரத்தில் வைத்தான்.

"உங்க அஞ்சறைப் பெட்டிக் காசும்மா. திருப்பிக் குடுத்துடலாம்னு எடுத்தாந்தேன்."

டம்ளர் மேசையில் படும் சத்தம் மட்டும் கேட்டது. கிருஷ்ணசாமி மனைவியைப் பார்த்தார், காசைப் பார்த்தார். புரிய நேரமாயிற்று.

"நீயா?"

"நான்தான் குடுத்தேன். நீங்க குளிக்கப் போயிருந்தப்போ. பின்பக்கம் நின்னுக்கினு கேட்டான். அழுவல. கொழந்தை பார்க்கணும்னு கேக்குதுன்னான்."

"என்னைக் கேட்டா நான் குடுத்திருக்க மாட்டேனா?"

"மாட்டீங்க," என்றாள் காந்திமதி.

அவள் குரலில் கோபம் இல்லை. எட்டு நாளாக ஏன் பேசவில்லை என்று அவர் கேட்டார். பயமாக இருந்தது என்றாள். முதல் நாள் சொல்ல நினைத்தேன், இரண்டாம் நாள் முடியவில்லை, மூன்றாம் நாள் அவனை அடித்ததாகக் கேள்விப்பட்டேன், அதற்குப் பிறகு எந்த முகத்தோடு சொல்வது என்று கேட்டாள். பிறகு விருத்தாசலத்தின் பக்கம் திரும்பினாள்.

"கொழந்தைக்குக் காய்ச்சல் விட்டுதாங்க?"

அவளுக்குத் தெரியாது. இந்த எட்டு நாளும் காசு எங்கோ பத்திரமாக இருக்கிறது, குழந்தையும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

விருத்தாசலம் நான்கு வாக்கியங்களில் சொன்னான். சனிக்கிழமை. கல்லறைத் தோட்டம். நெற்றிக் காசு. தாய் குழிவெட்டுகிறவனின் கையைப் பிடித்துக்கொண்டது. அதைச் சொல்லும்போது தன் குரல் ஏட்டின் நோட்டுப் புத்தகம்போல இருப்பது அவன் காதிலேயே விழுந்தது. காந்திமதி சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

கிருஷ்ணசாமி அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் பதினொரு வருஷம் மணலைச் சலித்தவர்.

"பாவம்தான். நான் இல்லைன்னு சொல்லலை. கேஸை வேணும்னா விட்டுடறேன். ஆனா என் காசு அங்க இருக்கு. ரெண்டரை அடி மண்ணு. ஆளை வெச்சு வெட்டினா கால் மணி நேரம். எடுத்துட்டுத் திரும்ப மூடிட்டா யாருக்கு என்ன நஷ்டம்?"

பாண்டுரங்கன் எழுந்தான். விருத்தாசலம் அவன் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"வீட்டுக்காரம்மா கையால குடுத்தது திருட்டு ஆவாதுங்க ஐயா. ஒரேயடியாக் குடுத்திருந்தா அது இனாம். இனாமாப் போனதை எடுக்கக் குழியைத் தோண்டச் சொல்லி எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடாது. திருப்பித் தரணும்னு குடுத்திருந்தா வேற கதை. கேக்க உங்களுக்கு வழி இருக்கு."

கிருஷ்ணசாமி மனைவியின் முன்னால் வந்து நின்றார்.

"என்னன்னு சொல்லிக் குடுத்தே? எத்தனை நாளைக்கு?"

காந்திமதி நிமிர்ந்தாள். கணவனைப் பார்க்கவில்லை. விருத்தாசலத்தைப் பார்த்தாள். அவன் மேசை ஓரத்துக் காசைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வராத பொருளின் இடத்தில் யாரும் இன்னொன்றைப் போட்டு இடம் பிடித்து வைப்பதில்லை. இரண்டு நாள் என்று அஞ்சம்மாள் சொன்னதும் அவன் காதில்தான் இருந்தது.

"நாள் எதுவும் சொல்லல. நீயே வெச்சுக்கன்னுதான் குடுத்தேன்," என்றாள் காந்திமதி.

கிருஷ்ணசாமி விருத்தாசலத்தின் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பொம்பளையை விசாரிச்சீங்களே. அவ என்ன சொன்னா?"

"கேட்டு வாங்கினதாச் சொன்னாங்க," என்றான் விருத்தாசலம். அதோடு நிறுத்திக்கொண்டான்.

பாண்டுரங்கன் கூரையைப் பார்த்தான்.

புகாரைத் திரும்பப் பெறும் மனுவில் கிருஷ்ணசாமி ஒன்பது மணிக்குக் கையெழுத்துப் போட்டார். பேனாவை அழுத்திய இடத்தில் காகிதம் கிழிந்தது. இனி அவன் இந்த வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்றார். மனைவியோடு பேசவில்லை. தட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அன்றிலிருந்து சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டே குளிக்கப் போனதாகப் பின்னால் கேள்வி.

கோர்ட்டில் ஐந்து நிமிஷம்தான் ஆயிற்று. ஏட்டு முத்துசாமி சம்மனசு என்றால் என்ன என்று பாண்டுரங்கனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். நோட்டில் அடித்துத் திருத்தப் போனவர், திருத்தாமல் மூடிவிட்டார்.

பதினொரு மணிக்குத் தேவசகாயம் சப்ஜெயில் வாசலில் நின்றான். முப்பது வயது இருக்கலாம். ஒரு கண் வீங்கியிருந்தது. வெளியே வந்ததும் யார் தன்னை விடுவித்தது என்று கேட்கவில்லை.

"தோண்டிட்டாங்களா சார்?"

"இல்ல. தோண்ட மாட்டாங்க."

அவன் கண்ணை மூடித் திறந்தான். அம்மா காசை அவனுக்கே கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள் என்று விருத்தாசலம் சொன்னான்.

"இல்லீங்களே. ரெண்டு நாள்னுதானே சொன்னாங்க?"

"இப்ப அப்படித்தான் சொல்றாங்க."

தேவசகாயம் அதை யோசித்துக்கொண்டு நின்றான். புரிந்தபோது வாயைத் துண்டால் மூடிக்கொண்டான். பதினொரு மணி ரயில் போய்விட்டது, சாயங்காலம்வரை வேறு ரயில் இல்லை, தன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று விருத்தாசலம் கூப்பிட்டான். வேண்டாம் என்று தலையாட்டினான். தண்டவாளத்தோடு நடந்தால் இருட்டி ஒரு நாழிகையில் போய்விடலாம், அவள் தனியாக இருக்கிறாள் என்றான்.

இரண்டடி போனவன் நின்றான்.

"காசு இல்லாம அதை வெச்சேன்னு நெனைச்சுக்காதீங்க சார். என்கிட்ட ஓட்டையில்லாத அரையணா ஒண்ணு இருந்துது."

"பின்ன?"

"அந்தக் காசுல சம்மனசுக்கு மூஞ்சி தேஞ்சி போயிருந்துது. இறக்கை இருக்கு, மாலை இருக்கு, கண்ணு இல்ல. பாப்பா பார்த்துட்டுக் கேட்டுது. கண்ணு இல்லாம அது என்னை எப்படி நைனா கண்டுபிடிக்கும்னு. எனக்குப் பதில் தெரியல." அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். "அதான் நெத்தியிலயே வெச்சுட்டேன்."

சொல்லிவிட்டுத் தண்டவாளத்தில் இறங்கி வடக்கே நடந்தான். பாண்டுரங்கன் கொஞ்ச நேரம் அவன் முதுகைப் பார்த்தபடி நின்றான். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், சரளைக்கல்லில் தத்தித் தத்தி அவன் பின்னால் ஓடினான்.

இரண்டு பேரும் சிக்னல் மரத்தைத் தாண்டும்வரை விருத்தாசலம் அங்கேயே நின்றிருந்தான்.